என்ரிக்கோ பெர்மி

அணுவின் உள்ளியல்பை ஆராய்ந்து உலகிற்கு உணர்த்திய அறிஞர்களுள் என்ரிக்கோ பெர்மி தலைசிறந்தவர். இவர் இத்தாலி நாட்டின் தலைநகராகிய உரோமாபுரியில் 1901 ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 29 ஆம் நாள் பிறந்தார். தந்தையார் ஆல்பெர்ட்டோ இருப்புப்பாதைத் துறையின் அலுவலர். தாயார் ஈடா பள்ளி ஆசிரியை. பெர்மியின் பதின்மூன்றாம் வயதில் உயிர்த்துணையாய் விளங்கிய தமையன் ஜூலியோ இறந்தார். ஆற்றொணாத் துயருற்ற சிறுவர் நூல்களையே துணையாகக் கொண்டார். பீசா நகரில் பயின்று 1922 இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர் உரோமாபுரிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1932 இல் ஆங்கில அறிஞர் சாட்விக் நியூட்ரானைக் கண்டறிந்தார். அணுக்கரு நேர்மின்னூட்டம் உடையது; அதே மின்னூட்டம் கொண்ட துகள் நெருங்கின் தள்ளிவிடும். நியூட்ரானோ மின்னூட்டம் அற்றது. எனவே எளிதில் உட்புகும். இதனை உணர்ந்த பெர்மி, 1934 இல் ஹைட்ரஜன் தொடங்கித் தனிமங்களை வரிசையாக நியூட்ரானால் தாக்கி ஆராயலானார். பெரிலியப் பொடியும் ரேடான் வாயுவும் அடைத்த சிறு கண்ணாடிக் குழலே அவருடைய நியூட்ரான் ஊற்று. கதிர்களை எண்ணும் கைகர் கருவியையும் தாமே அமைத்துக்கொண்டார். தொடக்கத்தில் எடுத்த தனிமங்கள் பயன் தரவில்லை. எனினும் அவர் மனந்தளர்ந்தாரல்லர். புளோரினைத் தாக்கியபோது கருவி கதிரியக்கத்தைக் காட்டிற்று. சில பொருள்களில் அக்கதிரியக்கம் விரைவில் தேய்ந்துவிடும். ஆதலின் பேராசிரியரும் துணைவரும் பொருளைக் கையிலேந்தி, நீண்ட நடைவழியின் மறுகோடியிலிருந்த கருவியை நோக்கி ஓடுவர்.

அவ்வாண்டு அக்டோபர்த் திங்களில் ஒருநாள், ஊற்றுக்கும் வெள்ளிக்கும் இடையே ஈயத்திற்கு மாறாகப் பாரபின் மெழுகை வைத்தார். கதிரியக்கம் பன்மடங்கு பெருகிற்று. மெழுகிலுள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்களோடு மோதி நியூட்ரான்கள் விரைவு குறைகின்றன. விரைவு குறைந்தவற்றை வெள்ளியின் அணுக்கரு எளிதில் பற்றிக்கொள்கிறது. இக்காரணத்தைப் பெர்மி அன்றே தெளிந்தார். நியூட்ரானைப் பற்றிய அணுக்கரு தன் மிகையாற்றலைக் காமாக் கதிர்களாக வெளிவிடும். அக்கதிர்களை அளந்து, ஒரு பொருளில் அடங்கிய தனிமங்கள் இன்னவென இன்று அறிகின்றனர்.

யுரேனியத்தைத் தாக்கியபோது அதனினும் எடைமிக்க புதிய தனிமங்கள் தோன்றினவெனப் பெர்மி கருதினார். 1938 இல் நோபெல் பரிசு அவரை வந்தடைந்தது. அவ்வாண்டில் இத்தாலிய அரசு யூதரை ஒடுக்கும் சட்டங்களை இயற்றியது. மனைவியார் லாரா யூத குலத்தவர். ஆதலின் பரிசு பெற்ற பெர்மி தாய்நாடு திரும்பாமல் குடும்பத்துடன் அமெரிக்கா சென்றார். அங்குச் சேர்ந்த திங்களிலேயே ஒரு செய்தி எட்டியது. யுரேனியத்திலிருந்து பேரியம் தோன்றுதலை ஜெர்மானிய அறிஞர் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் கண்டனர். அணுக்கரு பிளவுபட்டதே அதன் காரணம் என்று லீசே மைட்னரும் பிரிஷும் விளக்கினர். தமக்குப் புகழ் தந்த கருத்துத் தகர்ந்தபோதும் பெர்மி அதனை மறைக்க முயலவில்லை. தம் நோபெல் உரை அச்சேறியபோது, அக்கருத்தை மீண்டும் ஆராய்தல் வேண்டுமெனத் தாமே குறிப்பொன்று சேர்த்தார்.

1942 டிசம்பர் 2 ஆம் நாள், சிக்காகோவில் கிராபைட்டும் யுரேனியமும் அடுக்கிய உலையில், நியூட்ரான்களை எண்ணும் கருவியே வழிகாட்ட, தொடர்வினையை முதன்முதலாக நிகழ்த்தினார். அவ்வாற்றல் 1945 இல் ஜப்பானிய நகரங்களை அழித்தது. பின்னர் மின்சாரமும் தந்தது. பெர்மி 1954 நவம்பர் 28 ஆம் நாள் புற்றுநோயால் மறைந்தார். நூறாம் தனிமம் பெர்மியம் என அவர் பெயர் தாங்கி நிற்கிறது. உண்மையைத் தேடும் ஊக்கத்தோடு, பிழை கண்டவழி அதனை ஒப்பும் உள்ளமும் அறிவுடையார்க்கு வேண்டும் என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.