ஒளியைத் தேடிய கணக்கு அதிகாரி: சர் சி.வி.ராமன்

பெங்களூரில் சி.வி.ராமன் நகர் தெரியாத தமிழர் இருக்க முடியாது. அந்தப் பெயருக்கு உரியவர் அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் வேலை பார்த்தவர். அலுவலகம் போக மிஞ்சிய நேரத்தில் விஞ்ஞானம் படைத்தவர்.

ராமன் 1888 நவம்பர் 7-ந் தேதி திருச்சியில் பிறந்தார். தகப்பனார் சந்திரசேகர அய்யர், விசாகப்பட்டினத்தில் கல்லூரி ஆசிரியர். தாயார் பார்வதி அம்மாள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து 1907-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். அதே ஆண்டு நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று, கல்கத்தாவில் உதவி அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆனார். அப்போது வயது 18. மனைவி லோகசுந்தரியுடன் கல்கத்தாவில் குடியேறினார்.

இரவில் ஆராய்ச்சி

பவுபஜார் தெருவில் இந்திய விஞ்ஞான வளர்ச்சிக் கழகம் இருந்தது. காலையில் அலுவலகம் போகும் முன்னும், மாலையில் வேலை முடிந்த பின்னும் ராமன் அங்கே ஆராய்ச்சி செய்தார். இடையில் ரங்கூனுக்கும் நாகபுரிக்கும் மாற்றல் வந்தது. 1911-ல் கல்கத்தாவுக்கே திரும்பினார்.

1917-ல் கல்கத்தா சர்வகலாசாலை அவரைப் பேராசிரியராக அழைத்தது. சம்பளம் ஏறக்குறைய பாதியாகக் குறையும். நிலையான அரசாங்க உத்தியோகமும் போய்விடும். ஆனாலும் ராமன் வேலையை ராஜினாமா செய்தார். பத்து ஆண்டுகளாக இரவு நேரத்தில் செய்த வேலை அன்று முதல் முழுநேர வேலை ஆயிற்று.

நோபல் பரிசு

1921-ல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது, மத்தியதரைக் கடலின் நீல நிறம் அவரைக் கவர்ந்தது. அதற்குக் காரணம் தேடத் தொடங்கினார். 1928 பிப்ரவரி 28-ந் தேதி, கே.எஸ்.கிருஷ்ணனுடன் நடத்திய ஆராய்ச்சியில் விடை கிடைத்தது. ஒரு பொருளின் வழியே ஒளி செல்லும்போது, சிதறும் ஒளியில் மிகச் சிறு பகுதி நிறம் மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டு அது என்ன பொருள் என்று கண்டுபிடித்துவிடலாம். இதுவே 'ராமன் விளைவு'. 1930-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. நிறம் மாறிய அந்த ஒளி மிகவும் மங்கல். போட்டோ தகட்டில் அதைப் பதிக்கப் பல மணி நேரம் பிடிக்கும்.

பெங்களூர் வாழ்வு

1933-ல் ராமன் 'டாடா இன்ஸ்டிடியூட்' என்று நம்மவர் சொல்லும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் இயக்குநராக வந்தார். அப்பதவியில் அமர்ந்த முதல் இந்தியர் அவரே. 1937-ல் அப்பதவியிலிருந்து விலகினார். 1948 வரை பேராசிரியராக இருந்தார். பின்னர் மைசூர் மகாராஜா கொடுத்த நிலத்தில் சொந்த ஆராய்ச்சி நிலையம் அமைத்தார். வைரம், முத்து, பலநிறக் கற்கள் என்று சேகரித்து, படிகங்களுக்குள் ஒளி செய்யும் வேலையை ஆராய்ந்தார்.

லேசர் வந்தது

1960-ல் அமெரிக்காவில் மெய்மன் என்ற விஞ்ஞானி, மாணிக்கப் படிகத்தைக் கொண்டு முதல் லேசரை அமைத்தார். லேசர் ஒளியைத் தடுத்து வைத்து, ஒரே வீச்சாக வெளிவிடும் முறையும் விரைவில் வந்தது. 1962-ல் அப்படிப்பட்ட லேசர் ஒன்றில் புதிய நிறம் ஒன்று எதிர்பாராமல் தோன்றியது. தடுப்பாக வைத்த நைட்ரோபென்சீன் திரவத்தில் ராமன் விளைவு மிகப் பலமாக நடந்ததே காரணம் என்று தெரிந்தது. மங்கலாக இருந்த ஒளி பலம் பெற்றுவிட்டது. அப்போது ராமனுக்கு வயது 73.

பின்னாளில் அந்தத் தடுப்பு வேலையைப் படிகமே தானாகச் செய்தது. குரோமியம் கலந்த 'யாக்' படிகம் முதலில் ஒளியை விழுங்கி, லேசரை அடக்கி வைக்கும். இதற்குள் லேசரில் சக்தி சேர்ந்துகொண்டே போகும். ஓர் அளவுக்கு மேல் படிகத்தால் விழுங்க முடியாது. உடனே அது கண்ணாடிபோல் தெளிந்து வழிவிடும். ஏரி நிரம்பியதும் மதகு தானே திறப்பது போன்றது இது. ஒரு வினாடியை நூறு கோடிப் பங்காக்கினால், அதில் சில பங்கு நேரத்தில் சக்தி முழுவதும் வெளிப்படும். அதை இயக்க மின் விசை வேண்டாம். ஆகவே லேசரைச் சிறிதாகவும் செய்யலாம். இத்தகைய வீச்சு, சில படிகங்களின் வழியே செல்லும்போது ராமன் விளைவினால் வேறு நிறமாகவும் மாறுகிறது.

இன்று மருந்தையும் வைரத்தையும் சோதிக்க லேசருடன் ராமன் விளைவு பயன்படுகிறது. 2021-ல் செவ்வாய் கிரகத்தில் இறங்கிய பெர்சிவரன்ஸ் ஊர்தியிலும் அத்தகைய கருவி உண்டு.

1954-ல் ராமனுக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பட்டது. 1970 நவம்பர் 21-ந் தேதி பெங்களூரில் காலமானார். அவர் உடல் ஆராய்ச்சி நிலையத் தோட்டத்திலேயே தகனம் செய்யப்பட்டது. அந்த இடத்தில் சமாதி இல்லை. ஒரு மரம் நடப்பட்டது. 1987 முதல் பிப்ரவரி 28-ந் தேதி தேசிய அறிவியல் தினமாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.