காலம் கடந்து தீர்ந்த கடன்

கல்லூரிப் பருவத்தில் 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' படம் பார்த்தபோது, எதிரிக்கு மனமொப்பிப் பாலம் கட்டித்தரும் ஆங்கிலேய கர்னல் என்னைக் குழப்பினார். உண்மையில் அந்த இடத்தில் இருந்தவர் வேறு வகை மனிதர் என்பதைப் பின்னர்தான் படித்தறிந்தேன். அவர் பெயர் பிலிப் டூஸி.

1904-இல் இங்கிலாந்தில் பிறந்த டூஸி, லிவர்பூலில் பேரிங்ஸ் வங்கியில் பணியாற்றியவர். 1942-இல் சிங்கப்பூர் வீழும் தருவாயில் வெளியேற வாய்ப்பிருந்தும், தம் படைவீரர்களை விட்டுச் செல்ல மறுத்துச் சிறைப்பட்டார். சயாம் - பர்மா ரயில் பாதையின் தமர்க்கான் முகாமில் உணவுக்காகவும் மருந்துக்காகவும் ஜப்பானிய அதிகாரிகளிடம் வாதாடினார், அடியும் வாங்கினார். அவருடைய வீரர்கள் மரப்பாலத்தில் கரையான்களை விட்டனர்.

போர் முடிந்து வங்கிக்குத் திரும்பியவர், உடன் சிறையிருந்தவர்களை மறக்கவில்லை. 1951-ஆம் ஆண்டு சான்பிரான்சிஸ்கோ உடன்படிக்கையில், ஜப்பான் மீதான மற்ற இழப்பீட்டுக் கோரிக்கைகளை நேச நாடுகள் கைவிட்டன. ஜப்பானியச் சொத்துகளை விற்ற பணத்தில் பிரிட்டிஷ் போர்க் கைதி ஒருவருக்குக் கிடைத்தது ஏறத்தாழ 76 பவுண்டு. மூன்றரை ஆண்டு அடிமை உழைப்புக்கு அவ்வளவே.

முன்னாள் கைதிகளின் தேசியக் கூட்டமைப்புக்குத் தலைமையேற்ற டூஸி, அவர்களின் ஓய்வூதியத்துக்காகவும் மருத்துவத்துக்காகவும் உழைத்தார். அரசு கேட்பது சான்று. முகாமில் தொற்றிய நோய்க்குப் பல்லாண்டு கழித்துச் சான்று காட்டுவது எளிதன்று. லிவர்பூல் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியின் ஆய்வுகள் அக்குறையைப் போக்கின. முகாமில் உடலில் புகுந்த குடற்புழுக்கள் பல்லாண்டுகளுக்குப் பிறகும் பலரிடம் உயிர்வாழ்வதை அவை கண்டறிந்தன.

டூஸி 1975-இல் மறைந்தார். பிரிட்டிஷ் அரசு தலைக்கு 10,000 பவுண்டு அறிவித்ததோ 2000-ஆம் ஆண்டில். அதற்குள் பெரும்பாலோர் இறந்துவிட்டனர். கடன்காரர் தாமதிக்கத் தாமதிக்கக் கடன் வட்டியோடு வளரும் என்றே வகுப்பில் கற்பித்திருக்கிறேன். இங்கோ, தாமதமே கடனைக் குறைத்தது. பெற வேண்டியவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள்.

அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் மடிந்தனர். அவர்கள் போர்க் கைதிகள் அல்லர். பெயர்ப் பட்டியல் இல்லை, உடனிருந்து வாதாட டூஸியைப் போன்ற அதிகாரியும் இல்லை. அந்த 76 பவுண்டுகூட அவர்களுக்குரியதாகக் கருதப்படவில்லை. நீதி தானாக வருவதில்லை. கணக்கு வைத்திருந்து விடாமல் கேட்பவர் வேண்டும். அவர் கேட்கும்போதே, பெறுபவர் உயிரோடிருக்கும்போதே, அரசு கொடுக்கவும் வேண்டும்.