லவாய்சியர்: கிலோவுக்கு எடை போட்டவர்

பவுண்டை கிலோவாக மாத்தணுமா? 0.4536-ஆல் பெருக்கிட்டுப் போயிடறோம். அந்த கிலோவுக்குப் பின்னாடி, வேதியியல் வகுப்பில் நீங்க சந்தித்த ஒருத்தர் இருக்கார்: ஆன்டுவான் லவாய்சியர்.

1743-ல் பாரிஸில், வசதியான வழக்கறிஞர் வீட்டில் பிறந்தார். சட்டம் படித்தார், மனசு போனதோ அறிவியல் பக்கம். 1768-ல் ரெண்டு காரியம் நடந்தது. அறிவியல் அகாடமியில் இடம் கிடைத்தது. அதே வருஷம், மன்னருக்காக மக்களிடம் வரி வசூலிக்கும் தனியார் கூட்டமைப்பில் பங்கும் வாங்கினார். அந்த வருமானத்தில்தான் அவரது லேபும் துல்லியமான தராசுகளும் வந்தன.

தராசுதான் அவருடைய ஆயுதம். வினைக்கு முன்னாடி ஒரு எடை, முடிந்ததும் ஒரு எடை, காற்றையும் விடாமல். எரிவது என்றால் ஆக்ஸிஜனோடு சேர்வது என்று அவர் காட்டியது இப்படித்தான். மனைவி மரி-ஆன் கருவிகளைப் படமாக வரைந்தார், ஆங்கிலக் கட்டுரைகளை மொழிபெயர்த்துக் கொடுத்தார்.

ஆனால் அன்றைய அலகுகளைப் பாருங்க. ஒரு பாரிஸ் பவுண்டுக்கு 16 அவுன்ஸ். ஒரு அவுன்ஸுக்கு 8 குரோ. ஒரு குரோவுக்கு 72 கிரெய்ன். ஆக, பவுண்டுக்கு 9,216 கிரெய்ன்! போதாததற்கு ஊருக்கு ஊர் பவுண்டே வேற. பாரிஸ் பவுண்டு சுமார் 489.5 கிராம், இன்றைய பவுண்டு 453.6 கிராம்.

1789-ல் வந்த தன் வேதியியல் நூலில் அவர் ஒரு வழி சொன்னார். அவரவர் பவுண்டை அவரவர் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அதைப் பத்து, நூறு, ஆயிரமாக மட்டும் பிரிக்கட்டும். பவுண்டு வேறானாலும் விகிதம் மாறாதில்லையா? பழைய அலகுகளைத் தசமமாக்கும் அட்டவணையும் நூலின் பின்னிணைப்பில் கொடுத்தார். ஒரு குரோ என்றால் 0.0078125 பவுண்டு.

பிறகு புரட்சி அரசு எல்லோருக்கும் பொதுவான அளவுகளைக் கேட்டது. 1793-ல் லவாய்சியரும் அயூயியும் ஒரு கன டெசிமீட்டர் நீரை எடை போட்டார்கள். விடை 18,841 கிரெய்ன். 1799-ல் முடிவான கிலோவோ 18,827.15 கிரெய்ன். வித்தியாசம் ஒரு கிராம் கூட இல்லை!

அந்த 1799-ஐப் பார்க்க அவர் இல்லை. வரி வசூலித்தவர்கள் மேல் மக்களுக்கு இருந்த கோபம் நியாயமில்லாதது அல்ல. 1793 நவம்பரில் கைதானார். அளவைப் பணிக்கு அவர் தேவை என்று சக விஞ்ஞானிகள் கேட்டும் விடவில்லை. 1794 மே 8 அன்று, மாமனார் உட்பட மற்ற வரி வசூல் பங்குதாரர்களோடு கில்லட்டினில் அவர் தலை போனது. வயது 50.

அடுத்த வருஷமே கிராம் என்ற பெயர் சட்டமானது. பறித்த உடைமைகள் மனைவியிடம் திரும்பி வந்தன.

அடுத்த தடவை லேபில் தராசைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவரும்போது அவரையும் கொஞ்சம் நினைச்சுக்கோங்க. ரீடிங்குக்குப் பக்கத்தில் அலகை எழுதவும் மறந்துடாதீங்க.