தோலுக்குள் ஒளிந்திருந்த மருந்தைத் தேடியவர்: அடோல்ஃப் வின்டவுஸ்

ஜெர்மனியில் நம்ம வீட்டில் குழந்தை பிறந்தால், டாக்டர் முதல் வாரங்களிலேயே ஒரு சின்ன மாத்திரை எழுதிக் கொடுத்துவிடுவார். தினம் ஒன்று, 400 அல்லது 500 யூனிட் வைட்டமின் டி. ஊரிலிருந்து பேசும் பாட்டிமார் உடனே கேட்பார்கள், காலை வெயிலில் கொஞ்ச நேரம் காட்டினால் போதாதா என்று. நியாயமான கேள்விதான். அதற்கான பதிலின் பெரும்பகுதி, இந்த நாட்டிலேயே வாழ்ந்த ஒரு வேதியியலாளரின் வாழ்க்கையில் இருக்கிறது.

அடோல்ஃப் வின்டவுஸ் 1876 டிசம்பர் 25 அன்று பெர்லினில் பிறந்தார். நெசவுத் தொழில் செய்த குடும்பம். ராபர்ட் கோஹ் போன்றவர்கள் கிருமிகளைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்றிருந்த காலம் அது. பையனுக்கும் டாக்டர் ஆகணும்னு ஆசை வந்தது. பெர்லினில் மருத்துவம் படிக்கச் சேர்ந்தவர், அங்கே எமில் ஃபிஷரின் வேதியியல் வகுப்புகளைக் கேட்டு மனம் மாறினார். ஃப்ரைபுர்க் போய் 1899ல் முனைவர் பட்டம் வாங்கினார். பிறகு கொலஸ்ட்ரால் பக்கம் திரும்பினார். அன்றைக்கு அதன் அமைப்பு யாருக்கும் தெரியாது. அதனால் என்ன பயன் என்றும் தெரியாது. இன்ஸ்ப்ருக்கில் சில காலம் இருந்துவிட்டு, 1915ல் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தவர், ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார்.

அந்தக் காலத்து ஐரோப்பிய நகரங்களில் ரிக்கெட்ஸ் நோய் சர்வசாதாரணம். குழந்தையின் எலும்பு கெட்டிப்படாமல் கால்கள் வில்லாக வளைந்துபோகும். புகை மூடிய தெரு, வெளிச்சமில்லாத வீடு, நீண்ட குளிர்காலம். முதல் உலகப்போர் முடிந்த நேரத்தில், பெர்லினில் குழந்தை மருத்துவர் கூர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி புற ஊதாக் கதிர் விளக்கின் முன்னால் குழந்தைகளை உட்காரவைத்தார். எலும்பு தேறியது. 1919ல் அதை வெளியிட்டார். ஒரு கையில் மட்டும் ஒளி பட்டாலும் மற்றக் கையின் எலும்பும் சரியானது. அப்படியென்றால் தோலில் ஏதோ ஒன்று உருவாகி ரத்தத்தில் கலந்து உடம்பு முழுக்கப் போகிறது. அது என்ன?

நியூயார்க்கில் ஆல்ஃபிரெட் ஹெஸ், கொலஸ்ட்ராலில் ஒளியைப் பாய்ச்சினால் அதுக்கே ரிக்கெட்ஸைக் குணப்படுத்தும் சக்தி வருவதைப் பார்த்தார். கொலஸ்ட்ரால் என்றால் உலகத்தில் ஆள் வின்டவுஸ்தானே! அவரைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். வின்டவுஸ் கொலஸ்ட்ராலை நன்றாகச் சுத்தம் செய்து பார்த்தார். சக்தி காணாமல் போனது. எங்கள் மென்பொருள் வேலையில் பிழை தேடுகிற மாதிரிதான் இது. காரணம் கொலஸ்ட்ரால் இல்லை, அதில் கொஞ்சூண்டு கலந்திருந்த வேறு ஏதோ ஒன்று. கோட்டிங்கனின் இயற்பியலாளர் ராபர்ட் போல் ஒளியை அளந்து துப்புக் கொடுத்தார். தேடல் முதலில் ஈஸ்ட்டிலும் காளானிலும் இருக்கும் எர்கோஸ்டெராலில் போய் நின்றது. 1927லேயே அதிலிருந்து செய்த விகான்டால் என்ற மருந்து கடைக்கு வந்துவிட்டது. 1928ல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது.

அதோடு அவர் நிறுத்தவில்லை. மனிதத் தோலில் காளான் பொருள் எங்கிருந்து வரும்? 1930களின் நடுவில் அவருடைய குழு 7-டிஹைட்ரோகொலஸ்ட்ரால் என்ற பொருளை உருவாக்கி, அதில் ஒளி பட்டால் வைட்டமின் டி3 வருவதைக் காட்டியது. பிறகு அதே பொருளைப் பன்றித் தோலிலும் கண்டது. வெயில் பட்டதும் தோலில் இந்தப் பொருள் மாறுகிறது. உடம்புச் சூட்டில் டி3 ஆகிறது. கல்லீரலும் சிறுநீரகமும் அதை வேலை செய்யும் வடிவத்துக்குக் கொண்டுவருகின்றன. எலும்புக்கு மட்டுமல்ல, தோல் செல்களின் வளர்ச்சிக்கும் இது வேணும். சொரியாசிஸுக்குத் தருகிற கால்சிபோட்ரியால் களிம்பு வைட்டமின் டியின் உறவுக்காரப் பொருள்தான்.

மனிதராகவும் வின்டவுஸ் நிமிர்ந்து நின்றவர். முதல் உலகப்போரில் விஷவாயு ஆராய்ச்சி செய்ய மறுத்தார். நாஜி ஆட்சியை எதிர்த்தார். தன் ஆய்வுக்கூடத்தின் யூத மாணவர் ஒருவரை வெளியேற்றவிடாமல் காத்தார். நோபல் பெயர் அவருக்குக் கவசமாக இருந்தது. யூதரான ஹுல்ட்ஷின்ஸ்கிக்கு அந்தக் கவசம் இல்லை. பெர்லின் குழந்தைகளை நிமிர்ந்து நடக்க வைத்தவர், நாட்டை விட்டு எகிப்துக்குப் போய் 1940ல் அங்கேயே இறந்தார். அகதியாக இந்த நாட்டுக்கு வந்த நம் மக்களுக்கு அந்த வலியை விளக்கத் தேவையில்லை. வின்டவுஸ் 1944ல் ஓய்வு பெற்று, 1959 ஜூன் 9 அன்று கோட்டிங்கனில் காலமானார்.

இப்போ பாட்டிமார் கேள்விக்கு வருவோம். கோட்டிங்கன் பூமத்திய ரேகைக்கு வடக்கே 51 டிகிரியைத் தாண்டி இருக்கிறது. யாழ்ப்பாணம் 10 டிகிரிக்குள், சென்னை 13. இங்கே அக்டோபரிலிருந்து மார்ச் வரை வெயில் அடித்தாலும் அதில் தேவையான புற ஊதா பி கதிர் போதாது. ஜன்னல் கண்ணாடி வழியாகவும் அது வராது. நம்ம கறுப்புத் தோலில் இருக்கும் மெலனின் இயற்கையான சன்ஸ்கிரீன் மாதிரி. ஊரில் அது பாதுகாப்பு. இங்கே அதே அளவு வைட்டமினுக்கு அதிக நேரம் வெயில் வேணும். அதனால்தான் ராபர்ட் கோஹ் நிறுவனம், குறைபாடு வரக்கூடியவர்கள் பட்டியலில் கறுப்புத் தோல் உள்ளவர்களையும் சேர்த்திருக்கிறது. கைக்குழந்தையை நேரடி வெயிலில் வைப்பதும் சரியில்லை, அதன் தோல் தாங்காது. ஆகவே மாத்திரைதான் வழி.

பெரியவர்கள் மார்ச் முதல் அக்டோபர் வரை, வாரம் இரண்டு மூன்று தடவை முகம், கைகளில் வெயில் படட்டும். தோல் கன்றும்வரை நிற்க வேண்டாம். கறுத்துப்போவோம் என்று கோடையிலும் வெயிலுக்குப் பயந்து உள்ளேயே இருக்கிற நம்ம வீட்டுப் பெண்கள் பலர். தீராத எலும்பு வலி, தசைச் சோர்வு என்றால் வீட்டு வைத்தியரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை கேளுங்கள்; தகுந்த காரணம் இருந்தால் காப்பீடு அந்தச் செலவை ஏற்கும். வெயில் படாத காலத்துக்கு ஜெர்மன் ஊட்டச்சத்துக் கழகம் சொல்லும் அளவு தினம் 800 யூனிட். இணையத்தில் பார்த்து, டாக்டரைக் கேட்காமல் ஆயிரக்கணக்கில் விழுங்காதீர்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி சிறுநீரகம் கெடும். வெயிலால் உருவாகிற அளவைத் தோல் தானே கட்டுப்படுத்திக்கொள்ளும், மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது.