நீலகிரிக்கு வந்த சிரிப்புத் தாத்தா!

ஆந்தையும் பூனையும் ஒரே படகில் ஏறி, கடலில் உலா போனால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு வேடிக்கைக் கதைப் பாடலை எழுதியவர், எட்வர்டு லியர். அது பிறகு கார்ட்டூன் படமாகவும் வந்தது. லியர் நம் நீலகிரி மலைக்கும் வந்திருக்கிறார் குட்டீஸ்!

லண்டனில், 1812ம் ஆண்டு, மே 12ம் தேதி பிறந்தார் லியர். உடன்பிறந்தவர்கள் ஏராளம். தந்தைக்குத் தொழிலில் நஷ்டம் வந்ததால், வீட்டில் பணக் கஷ்டம். லியரை வளர்த்தது, 21 வயது மூத்தவரான அக்கா ஆன்.

சிறு வயதிலேயே, லியருக்கு வலிப்பு நோய் வந்தது. அதைக் கண்டால் மக்கள் பயந்து ஒதுங்கிய காலம் அது. நல்ல மருந்தும் கிடையாது. அதனால், வலிப்பு வரப் போவது தெரிந்ததும், யார் கண்ணிலும் படாமல் தனியே போய் விடுவார். நாட்குறிப்பில் மட்டும், சிறிய பெருக்கல் குறி போட்டு வைப்பார். நண்பர்களிடம் கூடச் சொல்லாமல், வாழ்நாள் முழுவதும் மறைத்தே வாழ்ந்தார்.

ஆனால், சோர்ந்து உட்காரவில்லை. 15 வயதிலேயே படம் வரைந்து சம்பாதிக்கத் தொடங்கினார். அக்காலத்தில், பாடம் செய்த பறவைகளைப் பார்த்து வரைவதே வழக்கம். லியரோ, லண்டன் மிருகக்காட்சி சாலைக்குப் போய், உயிருள்ள கிளிகளைப் பார்த்து வரைந்தார். 42 கிளிப் படங்கள் கொண்ட அந்தப் புத்தகம் முடிந்த போது, அவருக்கு வயது ஏறக்குறைய 20. பின், 1846ல் விக்டோரியா மகாராணிக்கே ஓவியம் கற்றுக் கொடுத்தார்!

அதே ஆண்டு, அவரது சிரிப்புப் பாடல் புத்தகமும் வெளியானது.

பிரான்ஸ் நாட்டில், 1867ல் தங்கியிருந்த போது, நண்பரின் சின்ன மகள் உடல்நலமின்றிப் படுத்திருந்தாள். அவளைச் சிரிக்க வைக்கப் பிறந்ததுதான், ஆந்தை, பூனை கதை. தேனும், பணமும் எடுத்துக்கொண்டு, பச்சைப் படகில் அவை புறப்படும். ஓராண்டுக்கு மேல் பயணம் செய்து, ஒரு பன்றியிடம் மோதிரம் வாங்கி, கல்யாணம் செய்து கொள்ளும். நோயின் வேதனை அறிந்தவர் அல்லவா, நோயாளிக் குழந்தையின் மனமும் அவருக்குப் புரிந்தது!

வைஸ்ராய் நார்த்புரூக் அழைப்பின் பேரில், 1873ல் இந்தியா வந்தார். மறு ஆண்டு, மாமல்லபுரம், திருச்சி, தஞ்சாவூர் எல்லாம் சுற்றி, குன்னூருக்கும், ஊட்டிக்கும் சென்றார். அப்போது அவருக்கு வயது 62. குன்னூருக்கு மலை ரயில் வந்ததே, 1899ல்தான்! ஆஸ்துமாவும், மங்கலான பார்வையும் தொல்லை கொடுத்தும், போன இடமெல்லாம் வரைந்தபடியே இருந்தார். இந்தியப் பயணத்தில் அவர் வரைந்த படங்கள், ஏறக்குறைய 2,000.

இத்தாலியிலுள்ள சான் ரெமோ ஊரில், 1888, ஜன., 29ல் காலமானார்.

அவருக்குப் பின்னும், ஆந்தையின் படகு நிற்கவில்லை. ஜான் ஹலாஸ், ஜாய் பேச்சலர் தம்பதியின் நிறுவனம், 1952ல் அதைக் குறும் கார்ட்டூன் படமாக எடுத்தது. அதுவும், '3டி' படம்! இடது கண்ணுக்கு ஒன்று, வலது கண்ணுக்கு ஒன்று எனச் சற்றே மாறுபட்ட இரு காட்சிகளைத் திரையில் காட்டுவர். தனிக் கண்ணாடி போட்டுப் பார்த்தால், மூளை இரண்டையும் ஒன்றாக்கும். உருவங்கள் திரையை விட்டு வெளியே வருவது போலத் தெரியும்.

இன்று வலிப்பு நோய்க்கு நல்ல மருந்துகள் உள்ளன. அது ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டாது. உங்கள் வகுப்பில் யாருக்காவது அந்நோய் இருந்தால், ஒதுக்காமல் அருகில் அமர்த்திக் கொள்ளுங்கள். லியரைப் போல, அவர்கள் மறைந்து வாழ வேண்டியதில்லை!