ஆல்பர்ட்டோ அஸ்காரி

மோட்டார்ப் பந்தயத்தில் உலக முதன்மைப் பட்டத்தை இருமுறை எய்திய ஆல்பர்ட்டோ அஸ்காரி, இத்தாலி தேசத்து மிலான் நகரில் 1918ஆம் வருஷம் ஜூலை மாதம் 13ஆம் தேதி பிறந்தார். அவருடைய தந்தையார் அந்தோனியோவும் புகழ்பெற்ற பந்தய வீரரே. 1925ஆம் வருஷம் ஜூலை 26ஆம் தேதி, பாரிஸுக்கு அண்மையிலுள்ள மோன்லேரி ஓடுகளத்தில் முன்னணியில் சென்றுகொண்டிருந்த அந்தோனியோவின் ஆல்ஃபா ரோமியோ வண்டி கவிழ்ந்து, அவர் உயிர் துறந்தார். அப்போது அவருக்கு வயது 36. மைந்தனுக்கு வயது 7.

தந்தையை விழுங்கிய தொழிலை மைந்தன் வெறுத்திருப்பான் என்றே நாம் எண்ணுவோம். அவ்வாறு நிகழவில்லை. வாலிபப் பருவம் எய்தியதும் அவர் மோட்டார் சைக்கிள் பந்தயங்களில் இறங்கினார். நான்கு சக்கர வண்டி அவர் கைக்கு வந்த வரலாறு சற்று விநோதமானது.

அந்தோனியோவின் நண்பராகிய என்ஸோ ஃபெராரி, 1939இல் ஆல்ஃபா ரோமியோ கம்பெனியை விட்டு விலகி, மோடனா நகரில் தம் பட்டறையில் தனித்து வேலை தொடங்கினார். நான்கு வருஷகாலம் தம் பெயரால் பந்தய வண்டி செய்யலாகாது என்னும் நிபந்தனை அவரைக் கட்டியிருந்தது. ஆதலின், பிற்காலத்தில் உலகெங்கும் பெயர் விளங்கிய அம்மனிதர் அங்குச் செய்த முதல் வண்டி அவர் பெயரைத் தாங்கவில்லை. 815 என்னும் எண்ணையே தாங்கியது. எட்டு சிலிண்டர், ஒன்றரை லிட்டர் என்பதே அதன் பொருள். ஃபியட் வண்டியின் உறுப்புகள் பலவற்றைக் கொண்டு அமைத்த அதற்கு, மிலானிலுள்ள டூரிங் பட்டறையார் மெல்லிய உலோகக் கூடு பூட்டினர். இரண்டே வண்டிகள் செய்யப்பட்டன. ஒன்றை ரங்கோனி என்னும் பிரபுவும், மற்றொன்றை 21 வயதான அஸ்காரியும் 1940ஆம் வருஷம் ஏப்ரல் 28ஆம் தேதி பிரெஷியாப் பந்தயத்தில் ஓட்டினர். தம் வகுப்பில் முன்னே பாய்ந்த இரண்டும் இயந்திரக் கோளாற்றால் முடிவை எட்டாமலே நின்றுவிட்டன. அவற்றுள் ஒன்று பின்னாளில் பழைய இரும்பாய் அழிந்தது, ஒன்றே எஞ்சியது.

ஜூன் மாதத்தில் இத்தாலி யுத்தத்தில் புகுந்தது. அஸ்காரி தம் தோழர் வில்லொரேசியுடன் எரிபொருள் ஏற்றிச் செல்லும் தொழில் நடத்திக் காலம் கழித்தார். யுத்தம் ஓய்ந்தபின் மீண்டும் பந்தயக்களம் புகுந்து, 1949இல் ஃபெராரியின் அணியைச் சேர்ந்தார். 1952லும் 1953லும் உலகப் பட்டம் அவருடையதாயிற்று.

இத்துணைத் திறமுடையவர் சகுனங்களுக்கு மிகவும் அஞ்சினார். கரும்பூனை குறுக்கிட்டால் வழி மாறுவார்; தமது நீலத் தலைக்கவசத்தைப் பிறர் தொட விடார். தந்தையின் முடிவு அவர் உள்ளத்தினின்று அகலவில்லை போலும்.

1954இல் அவர் லான்சியா கம்பெனிக்கு மாறினார். 1955ஆம் வருஷம் மே 22ஆம் தேதி, மொனாக்கோப் பந்தயத்தில் அவருடைய வண்டி துறைமுகக் கடலில் பாய்ந்தது; உயிர் தப்பினார். நான்கே நாட்கள் கழித்து, மே 26ஆம் தேதி, மோன்ஸா ஓடுகளத்தில் நண்பர் கஸ்தெல்லொத்தியின் ஃபெராரி வண்டியைச் சற்று ஓட்டிப் பார்க்க விரும்பினார். நீலக் கவசம் அன்று உடனில்லை. இரவல் கவசம் அணிந்தே சென்றார். ஒரு வளைவில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்தது. மாதத்தின் 26ஆம் தேதியும் 36 வயதும் தந்தைக்கு நேர்ந்தவாறே அமைந்தமையைச் சகுனம் நம்புவோர் பெரிதாகப் பேசுவர்; மனைவிக்கும் இரு மக்களுக்கும் அதனால் என்ன ஆறுதல்? மிலான் நகரின் பெருங்கல்லறைத் தோட்டத்தில் தந்தையின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தனர்.