இராமலிங்க அடிகளும் அவர்தம் நூல் பரப்பிய அன்பரும்

நூலாசிரியர் பொருட்டும் இசைவாணர் பொருட்டும் முன்னின்று பேசி, அன்னார் ஆக்கங்களை உலகிற் பரவச் செய்யும் முகவர் தொழில் மேனாட்டில் வளர்ந்த ஒன்றாகும். இலண்டன் மாநகரில் ஏ. பி. வாட் என்பார் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நூற்றுக்குப் பத்து ஊதியம் பெற்று இதனை நடத்தினார். அதற்குச் சிறிது முன்னரே, நம் வடசென்னையிற் பாடிய புலவர் ஒருவருக்கு ஊதியம் கருதாத முகவர் சிலர் வாய்த்தனர். அப்புலவர் இராமலிங்க அடிகளாவர்.

அடிகள் 1823ஆம் ஆண்டு அக்டோபர் 5ஆம் நாள், சிதம்பரத்தை அடுத்த மருதூரில் இராமையா பிள்ளைக்கும் சின்னம்மையாருக்கும் மகவாகத் தோன்றினார். இளமையிலேயே தந்தையை இழந்து, குடும்பத்தாருடன் சென்னை ஏழுகிணற்றுப் பகுதியை அடைந்தார். பள்ளிப் படிப்பிற் பொருந்தாத அப்பிள்ளை கந்தகோட்டத்து முருகன் திருமுன் பாடத் தொடங்கினார். பின்னர்ப் பல்லாண்டு திருவொற்றியூருக்கு நடந்து சென்று, தியாகப்பெருமானையும் வடிவுடையம்மையையும் பாடிப் பரவினார். 1858இல் சென்னை நீங்கிக் கருங்குழியில் உறைந்தார்.

பாடல்களோ பல இடங்களிற் சிதறிக் கிடந்தன. அவற்றை அச்சேற்றும் விருப்பம் அடிகட்கு இல்லை. அந்நிலையில் இறுக்கம் இரத்தின முதலியார் அவற்றைத் தொகுத்து வெளியிட இசைவு வேண்டினார். பாடல்கள் கைக்கு வருமளவும் நாளொன்றுக்கு ஒருவேளையே உண்பதென்று நோன்பும் பூண்டார். அதனை அறிந்து வருந்திய அடிகள், 1860 டிசம்பரிற் கடிதம் விடுத்து, பாடல்களை அனுப்புவதாகவும் நோன்பைக் கைவிடுமாறும் தெரிவித்தார். தம் பெயரோடு சாமி எனச் சேர்த்து வழங்குதல் ஆரவாரமெனக் கருதி அதனையும் விலக்கினார்.

தொழுவூர் வேலாயுத முதலியார் பாடல்களை ஆறு திருமுறைகளாக வகுத்தார். மயிலை சோமசுந்தரஞ் செட்டியார் பொருள் உதவினார். முதல் நான்கு திருமுறைகள் 1867இல் திருவருட்பா என்னும் பெயரால் வெளிவந்தன. அப்பெயர் வேலாயுத முதலியார் இட்டது. அதனால் எழுந்த கண்டனமோ அடிகள்மேல் வீழ்ந்தது. ஆறுமுக நாவலர் அப்பெயரை மறுத்தார். பூசல் முற்றி 1869இல் மஞ்சக்குப்பம் நீதிமன்றம்வரை சென்றது.

அடிகளின் கருத்தோ வேறிடத்திருந்தது. நூல் வெளிவந்த அதே 1867இல் வடலூரில் தருமசாலை கண்டு பசித்தோர்க்கு உணவளித்தார். அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. 1874 ஜனவரி 30இல் மேட்டுக்குப்பத்தில் திருக்காப்பிட்டுக்கொண்டார். ஐந்தாம் திருமுறை 1880இலும் ஆறாந் திருமுறை 1885இலும் அவருக்குப் பின்னரே வெளிவந்தன.

பிறர்க்காகப் பேசுவோர் ஆர்வத்தால் புகழைத் தேடித்தருதல் கூடும். அவ்வார்வமே பழியையும் கொணர்தல் கூடும். எனினும், ஒருவர் ஒருவேளை உணவைத் துறந்திராவிடின், திருவொற்றியூர்த் தெருக்களில் எழுந்த அப்பாடல்கள் நம் கைக்கு எட்டியிருக்குமோ என்பது ஐயமே.